தொங்கும் மேலிமை: இறங்கியது தோலா, தசையா, புருவமா?

தீபாவளியன்று எடுத்த குடும்பப் படங்களை மகள் கைத்தொலைபேசியில் காட்டுகிறாள். “என்னம்மா, எந்தப் படத்தைப் பார்த்தாலும் நீங்க தூங்கி வழியுற மாதிரியே இருக்கீங்க!” என்று சொல்லிச் சிரிக்கிறாள். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கு வயது 58. பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் கடை வைத்திருப்பவர். விடியற்காலை எழுந்து வேலைக்குப் போகிறவரைப் பார்த்து எல்லாரும் “களைப்பா இருக்கா?” என்று கேட்டால் எரிச்சல் வராதா?

களைப்பு மட்டும்தான் என்றால் ஓய்வெடுத்தால் சரியாகிவிடும். ஆனால் கொஞ்ச நாளாகவே மாலையில் அவருக்கு நெற்றி வலிக்கிறது. எம்ஆர்டி நிலையத்தில் மேலே தொங்கும் அறிவிப்புப் பலகையைப் படிக்க மோவாயைத் தூக்க வேண்டியிருக்கிறது. கண்ணுக்கு மை தீட்டினால் மேலிமையின் மடிப்பில் ஒட்டிக்கொள்கிறது. இதையெல்லாம் அவர் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

மகளோ ஒரு விளம்பரத்தைப் பார்த்துவிட்டாள். இமையில் தொங்கும் தோலை நீக்கினால் ஒரே மணி நேரத்தில் இளமை திரும்பிவிடும் என்கிறது அது. “உங்க பிறந்தநாளுக்கு நானே காசு கட்டுறேம்மா” என்கிறாள். முன்பணம் கட்டவும் தயார்.

இது எடுத்துக்காட்டுக்குச் சொன்ன வீடுதான். ஆனால் தொங்கும் இமையைப் பற்றிப் பேச்செடுத்தால் பல வீடுகளிலும் கதை இப்படித்தான் தொடங்குகிறது. அந்த மகளின் அன்பில் குறையில்லை. முன்பணம் கட்டுவதற்கு முன்பு கேட்க வேண்டிய ஒரு கேள்வியைத்தான் அவள் கேட்கவில்லை. அம்மாவின் கண்ணில் இறங்கியிருப்பது என்ன?

மூன்றும் வேறு வேறு

மேலிமை தொங்கித் தெரிவதற்கு முக்கியமான காரணங்கள் மூன்று.

முதலாவது, தோல். உடம்பிலேயே மிக மெல்லிய தோல் கண்ணிமையின் தோல்தான். அதன் தடிப்பு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முறை இமைக்கும் கண்ணில், வயதாக ஆக அந்தத் தோல் இழுவைத் தன்மையை இழக்கிறது. பிறகு திரைச்சீலைபோல மடிந்து இமை முடியின்மேல் சாய்கிறது. சில குடும்பங்களில் இது பரம்பரையாக வரும். முப்பது வயதிலேயே தெரிபவர்களும் உண்டு.

இரண்டாவது, தசை. மேலிமையைத் தூக்குவதற்கென்றே ஒரு தசை இருக்கிறது. அதன் முனை மெல்லிய நார்ப்பட்டையாக இமையில் பற்றியிருக்கும். அந்தப் பட்டை தளர்ந்தால் இமையின் விளிம்பே கீழே இறங்கிவிடும். இதை மருத்துவர்கள் ‘டோசிஸ்’ என்பார்கள். வயது மட்டுமல்லாமல், பல ஆண்டுகள் காண்டாக்ட் லென்ஸ் அணிவது, கண்ணைக் கசக்கும் பழக்கம், முன்பு செய்துகொண்ட கண் அறுவை சிகிச்சை ஆகியவையும் இதற்குக் காரணமாகலாம்.

மூன்றாவது, புருவம். நெற்றித் தசை தளரும்போது புருவம் கண்குழியின் எலும்பு விளிம்புக்குக் கீழே வந்துவிடும். அப்படி வரும்போது இமைத் தோலையும் சேர்த்துக் கீழே தள்ளும். பார்ப்பதற்கு இமையில் தோல் அதிகமாக இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் தோலைக் கீழே தள்ளுவது புருவம்தான்.

பலருக்கு இம்மூன்றில் இரண்டு சேர்ந்தே இருக்கும். தசை தளர்ந்தவருக்குத் தோலை மட்டும் வெட்டினால் இமை உயராது. புருவம் இறங்கியவருக்கு இமைத் தோலை அதிகமாக வெட்டினால் புருவம் இன்னும் கீழே இழுபடும். கண்ணை முழுமையாக மூட முடியாமலும் போகலாம். அதனால்தான் எந்தச் சிகிச்சை நல்லது என்ற கேள்விக்கு முன்பாக, எது இறங்கியிருக்கிறது என்ற கேள்விக்கு விடை தெரிய வேண்டும்.

கண்ணாடி முன் ஒரு சோதனை

வீட்டிலேயே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நேராக நின்று கண்ணை மூடி, நெற்றியைத் தளர விடுங்கள். பிறகு புருவத்தைத் தூக்காமல் மெதுவாகக் கண்ணைத் திறந்து நேரே பாருங்கள். பழக்கத்தால் புருவம் தானாக உயரும். அதனால் உள்ளங்கையை நெற்றியில் இலேசாக வைத்துக்கொள்வது நல்லது.

இப்போது தொங்கும் தோல் மடிப்பை விரல் நுனியால் மெல்லத் தூக்கிப் பாருங்கள். இமை முடி முளைத்திருக்கும் விளிம்பு சரியான இடத்தில் இருந்தால் பெரும்பாலும் குறை தோலில்தான். பொதுவாக மேலிமை, கருவிழியின் மேல் விளிம்பை ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் மட்டுமே மறைக்கும். அந்த விளிம்பு கண்ணின் நடுவிலுள்ள கறுப்புப் பொட்டை நெருங்கியிருந்தால் தசை தளர்ந்திருக்கலாம். புருவத்தை விரலால் எலும்பு விளிம்புக்கு மேலே தூக்கியதும் கண் நன்றாகத் தெளிந்தால், புருவத்துக்கும் இதில் பங்கு இருக்கிறது.

அம்மாவின் மாலை நேர நெற்றி வலிக்கும் இதில் விளக்கம் கிடைக்கும். இமை கண்ணை மறைக்கும்போது, பார்ப்பதற்காக நெற்றித் தசை நாள் முழுவதும் புருவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. வேலைப் பளுவால் வந்த தலைவலி என்று மாத்திரை போட்டுக்கொள்பவர்களில் சிலருக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

கண்ணாடிச் சோதனை மருத்துவரின் பரிசோதனைக்கு ஈடாகாது. கறுப்புப் பொட்டின் நடுப்பகுதிக்கும் மேலிமை விளிம்புக்கும் உள்ள இடைவெளியை மருத்துவர் அளப்பார். பொதுவாக அது 4 முதல் 5 மில்லிமீட்டர் இருக்கும். 2 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவாக இருந்தால் பார்வைக்கு இடையூறு என்று கருதுவது வழக்கம். மேல்புறப் பார்வை எவ்வளவு மறைகிறது, கண்ணில் ஈரம் போதுமா, கண் முழுமையாக மூடுகிறதா என்பவற்றையும் சோதிப்பார்.

காத்திருக்கக் கூடாத நேரம்

சில வேளைகளில் இமை இறங்குவது வேறு நோயின் அறிகுறி. இமை திடீரென்று ஒரே நாளில் இறங்கினால், அதிலும் கடுமையான தலைவலி, இரட்டையாகத் தெரிதல், ஒரு கண்ணின் கறுப்புப் பொட்டு மட்டும் பெரிதாதல் ஆகியவை சேர்ந்திருந்தால் அது மூளை இரத்தக்குழாய் வீக்கத்தின் அறிகுறியாக இருக்கலாம். முகம் ஒரு பக்கம் கோணுதல், கை வலுவிழத்தல், பேச்சுக் குழறல் ஆகியவை பக்கவாதத்தைக் குறிக்கலாம். உடனே 995 எண்ணை அழையுங்கள். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடக் கூடாது.

காலையில் சரியாக இருந்து மாலையாக ஆக இமை இறங்கினால், கூடவே இரட்டையாகத் தெரிவதும் விழுங்கச் சிரமமும் இருந்தால், நரம்புக்கும் தசைக்கும் இடையிலான தொடர்பைப் பாதிக்கும் நோய் உண்டா என்று பார்க்க வேண்டும். அதற்கு மருந்து தேவை, அழகுச் சிகிச்சை அல்ல. பிறவியிலேயே ஒரு கண் இமை இறங்கியிருக்கும் குழந்தையை, வளர்ந்தால் சரியாகிவிடும் என்று விட்டுவிடாதீர்கள். மறைந்த கண்ணுக்குப் பார்வை வளராமலே போய்விடக்கூடும்.

கத்தி படாத வழிகள்

அறுவை சிகிச்சை வேண்டாம் என்பவர்களுக்கு முன்னால் பல தெரிவுகள் வைக்கப்படுகின்றன. எதனால் எவ்வளவு பயன் என்று பார்க்கலாம்.

இமை ஒட்டுநாடா: மருந்துக் கடைகளில் கிடைக்கும் மெல்லிய ஒட்டுநாடா, தோல் மடிப்பைச் சில மணி நேரம் தூக்கிப் பிடிக்கும். கல்யாணம், காதுகுத்து போன்ற ஒரு நாள் விசேஷத்திற்கு ஏற்றது. நாள்தோறும் ஒட்டிப் பிய்த்தால் தோல் அரிக்கும், சிவக்கும்.

களிம்பு: தோலின் ஈரப்பசையைக் கூட்டலாம். தொங்கிவிட்ட தோலை மேலே ஏற்றும் களிம்பு எதுவும் இல்லை.

போட்டோக்ஸ் ஊசி: புருவத்தைக் கீழே இழுக்கும் தசைகளை இது தளர்த்துகிறது. அதனால் புருவம் ஓரிரு மில்லிமீட்டர் உயரும். பயன் மூன்று நான்கு மாதங்களுக்குத்தான். மருந்து இடம் மாறிப் பரவினால் இமை இன்னும் இறங்கிவிடலாம். சில வாரங்களில் அது சரியாகும் என்றாலும், அந்த வாரங்கள் சிரமமானவை.

ஃபில்லர் ஊசி: புருவத்துக்குக் கீழே குழி விழுந்தவர்களுக்கு அந்த இடத்தை நிரப்பப் பயன்படுகிறது. கண்ணைச் சுற்றியுள்ள இரத்தக்குழாய்க்குள் மருந்து போய்விட்டால் பார்வையே பறிபோகலாம். அரிதுதான் என்றாலும் நடந்திருக்கிறது. இதை முகப்பூச்சுபோல எண்ணி அழகு நிலையத்தில் போட்டுக்கொள்வது ஆபத்து.

லேசர், ரேடியோ அலை, பிளாஸ்மா பேனா: சூட்டினால் தோலைச் சுருங்க வைப்பவை. இலேசான தொய்வுக்கு ஓரளவு பலன் உண்டு. ஆனால் சூடு பட்ட இடம் ஆறும்போது கறுத்துப்போகும் வாய்ப்பு மாநிறம், கறுப்பு நிறத் தோலுக்கு அதிகம். கண்ணைச் சுற்றி ஏற்கெனவே கருமை படிந்திருக்கும் நம்மவர்கள் இதை இருமுறை யோசிக்க வேண்டும்.

சொட்டு மருந்து: இமையைத் தூக்கும் பெரிய தசைக்குத் துணையாக ஒரு சிறிய தசையும் உண்டு. அதைத் தூண்டும் ஆக்ஸிமெட்டாஸோலின் சொட்டு மருந்துக்கு அமெரிக்காவில் 2020ஆம் ஆண்டு அனுமதி கிடைத்தது. ஒரு சொட்டு, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு இமையைச் சில மணி நேரம் உயர்த்தும். இது தசைத் தளர்ச்சிக்கு மட்டுமே உதவும். தோல் தொங்குவதற்கு உதவாது. இணையத்தில் வாங்காமல் கண் மருத்துவரிடம் கேட்டே பயன்படுத்த வேண்டும்.

அறுவை சிகிச்சை என்றால்

மேலிமைத் தோலை நீக்கும் சிகிச்சை இன்று நேற்று வந்ததல்ல. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானியர் செல்சஸ், இமைத் தோலை வெட்டிச் சீர்செய்வதைப் பற்றி எழுதியிருக்கிறார். ‘பிளெஃபரோபிளாஸ்டி’ என்ற சொல்லை 1818இல் ஜெர்மானிய மருத்துவர் வான் கிரேஃபே பயன்படுத்தினார். அந்தக் காலத்தில் எடுப்பதில்தான் கவனம் இருந்தது. இன்றைய மருத்துவர்கள், எவ்வளவை விட்டுவைப்பது என்பதில் அதிகக் கவனம் செலுத்துகிறார்கள்.

கண்ணை நன்றாக மூடுவதற்குப் புருவத்துக்கும் இமை விளிம்புக்கும் இடையே குறைந்தது 20 மில்லிமீட்டர் தோல் இருக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் பின்பற்றும் ஒரு பொதுக் கணக்கு. அதைத் தாண்டி வெட்டினால் தூக்கத்திலும் கண் பாதி திறந்திருக்கும், வறண்டு எரியும். வெட்டிய தோலைத் திரும்ப வைப்பது எளிதல்ல.

சிகிச்சைக்கு முன், நோயாளியை உட்கார வைத்துத்தான் தோலில் கோடு போடுவார்கள். படுத்தால் புருவம் பின்னுக்குப் போய் அளவு மாறிவிடும். பெரும்பாலும் கண்ணைச் சுற்றி மட்டும் மரத்துப்போக ஊசி போடுவார்கள். ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். அன்றே வீடு திரும்பலாம். தழும்பு இமை மடிப்புக்குள் மறைந்துவிடும். நம்மவர்களில் பலர் அஞ்சும் தடித்த தழும்பு, அதாவது கீலாய்டு, இமைத் தோலில் வருவது அரிது.

தசை தளர்ந்தவருக்கு, அந்த நார்ப்பட்டையை இறுக்கித் தைப்பார்கள். சிலருக்கு இமையின் உட்பக்கமாகவே இதைச் செய்ய முடியும். ஒரு கண்ணை உயர்த்தினால் மறு கண் சற்று இறங்குவது உண்டு. இரண்டு இமைகளுக்கும் மூளை ஒரே அளவில் ஆணையிடுவதே காரணம். அதனால் இரு கண்களையும் சோதித்த பிறகே மருத்துவர் முடிவு செய்வார்.

புருவம் இறங்கியவருக்குப் புருவத்தை ஏற்றும் சிகிச்சை தேவைப்படலாம். இமைக்கும் புருவத்துக்கும் சேர்த்தே செய்வதும் உண்டு. இமைத் தோலை மட்டும் நீக்கினால், அதுவரை பாரத்தைச் சுமந்த நெற்றித் தசை ஓய்ந்து புருவம் இறங்கும். “பணம் கட்டியும் பழையபடியே இருக்கே” என்று சிலர் குறைப்பட இதுவே காரணம்.

இன்னொன்றையும் கேட்டுத் தெளிய வேண்டும். இமையில் மடிப்பு இல்லாதவர்களுக்குப் புதிதாக மடிப்பு உண்டாக்கும் ‘இரட்டை இமை’ சிகிச்சை நம் வட்டாரத்தில் பிரபலம். அதை 1896இல் ஜப்பானிய மருத்துவர் மிகாமோ பதிவு செய்தார். இந்தியர் முகத்தில் பெரும்பாலும் மடிப்பு ஏற்கெனவே இருக்கும். தோலை எடுக்கும்போது அந்த மடிப்பு அதன் இடத்திலேயே இருக்க வேண்டும். இளமைக் காலப் படம் ஒன்றை எடுத்துப்போய், “என் கண் இப்படித்தான் இருந்தது” என்று காட்டுவது மருத்துவருக்குப் பெரிதும் உதவும்.

வீடு திரும்பிய பிறகு

முதல் இரண்டு நாள் குளிர் ஒத்தடம் கொடுத்து, தலையை உயர்த்திப் படுக்க வேண்டும். தையலை ஐந்து முதல் ஏழு நாளில் பிரிப்பார்கள். வீக்கமும் கன்றிய நிறமும் குறைய ஓரிரண்டு வாரமாகும். முழு வடிவம் தெரியச் சில மாதம் பொறுக்க வேண்டும். சுமார் இரண்டு வாரத்துக்குக் கண் மை வேண்டாம், காண்டாக்ட் லென்ஸும் வேண்டாம். குனிந்து பாத்திரம் தூக்கும் வேலையும் கூடாது. சிற்றுண்டிச்சாலை நடத்துபவர் பள்ளி விடுமுறையைப் பார்த்துத் தேதி குறிப்பது நல்லது.

சிகிச்சைக்குப் பிறகு கண்ணில் கடும் வலி, கண் வெளியே தள்ளுவது, பார்வை மங்குவது இவற்றில் எது வந்தாலும் நேரே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். கண்ணுக்குப் பின்னால் இரத்தம் கட்டினால் சில மணி நேரத்தில் பார்வை போய்விடலாம். அமெரிக்காவில் 2004இல் வெளியான ஓர் ஆய்வின்படி ஏறத்தாழ ஈராயிரம் பேரில் ஒருவருக்கு இத்தகைய இரத்தக்கசிவு ஏற்பட்டது. நிரந்தரப் பார்வையிழப்பு அதனினும் மிகக் குறைவு. அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. அறிகுறியை மட்டும் வீட்டிலுள்ள எல்லாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

நீரிழிவு, இரத்த அழுத்தம், தைராய்டு, கண் வறட்சி ஆகியவை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை சாப்பிடுபவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது. இதய மருத்துவரும் கண் மருத்துவரும் பேசி முடிவெடுக்க வேண்டும். மீன் எண்ணெய், பூண்டு மாத்திரை, ஜின்செங், நாட்டு மருந்து எதையும் மறைக்காதீர்கள். மருந்துதானா என்று நாம் நினைப்பவையும் இரத்தக்கசிவைக் கூட்டலாம்.

பணமும் பொறுப்பும்

சிங்கப்பூரில், அழகுக்காக மட்டும் செய்யும் சிகிச்சைக்கு மெடிசேவ் பணத்தைப் பயன்படுத்த முடியாது. இமை பார்வையை மறைப்பதாகப் பரிசோதனையில் உறுதியானால் அது மருத்துவத் தேவை. அப்போது நிலைமை வேறு. ஆகவே முதலில் பலதுறை மருந்தகத்துக்குப் போய், சிங்கப்பூர் தேசியக் கண் நிலையம் போன்ற அரசாங்க மருத்துவ நிலையத்துக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்குவது நல்லது. கழிவுக் கட்டணத்தில் நிபுணரைப் பார்க்கலாம். நாள் சற்றுத் தள்ளிக் கிடைக்கலாம். வயதோடு மெல்ல இறங்கிய இமைக்கு அதனால் பெரிய நட்டமில்லை.

தனியார் மருந்தகம் என்றால், மருத்துவரின் பெயரைச் சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் பாருங்கள். கண் மருத்துவத்திலோ ஒட்டுறுப்பு அறுவை மருத்துவத்திலோ நிபுணராகப் பதிவு பெற்றவரா என்பது முக்கியம். கட்டணத்தில் எவையெல்லாம் அடங்கும் என்று எழுத்தில் கேளுங்கள். அறுவைக் கூடம், மருந்து, தையல் பிரிப்பு, மறு சந்திப்பு, திருத்தம் தேவைப்பட்டால் ஆகும் செலவு, 9 விழுக்காட்டு ஜிஎஸ்டி என ஒவ்வொன்றையும் தனித்தனியே கேட்கலாம்.

செலவு குறைவு என்று ஜொகூருக்குப் போகிறவர்களும் உண்டு. அங்கும் திறமையான மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவர் மலேசிய மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றவரா, மலேசியச் சுகாதார அமைச்சின் விதிப்படி அழகியல் சிகிச்சைக்கு அனுமதி பெற்றவரா என்று பாருங்கள். நள்ளிரவில் கண் வலித்தால் கடற்பாலத்தைக் கடந்து போக முடியுமா என்றும் யோசியுங்கள். எந்த நாடானாலும், “இன்றே கட்டினால் பாதி விலை” என்று அவசரப்படுத்தும் இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுவது நல்லது.

அந்த அம்மாவின் கேள்வி

அந்த அம்மாவுக்கு மனத்துக்குள் ஒரு தயக்கம் இருக்கிறது. “பேரப்பிள்ளை எடுக்கப்போற வயசுல எனக்கு எதுக்கு இந்த அழகு?” என்று மகளைக் கேட்பார். முகம் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைப்பதற்கு வயது வரம்பு கிடையாது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வேண்டாம் என்பதும் நல்ல முடிவுதான். பார்வையை மறைக்காத தோல் மடிப்பு வயதின் அடையாளம் மட்டுமே. அதற்குச் சிகிச்சை கட்டாயமில்லை.

ஆனால் அறிவிப்புப் பலகையைப் படிக்க மோவாயைத் தூக்குவதும், நெற்றி வலியோடு கடையைச் சாத்துவதும் அழகு சம்பந்தப்பட்ட விஷயமல்ல. அதை அவர் வாய்திறந்து சொல்ல வேண்டும். மகள் காது கொடுத்துக் கேட்க வேண்டும். முன்பணம் கட்டுவதற்குப் பதிலாக மகள் ஒரு நாள் விடுப்பெடுத்து அம்மாவைக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போகட்டும். இறங்கியது தோலா, தசையா, புருவமா என்று அங்கே தெரிந்துவிடும். பிறந்தநாள் பரிசு என்னவென்று அதன் பிறகு இருவரும் சேர்ந்து முடிவு செய்துகொள்ளலாம்.